சுவருக்குள் போகும் பாக்ஸ்: ஜி.ஐ.யா, பி.வி.சி.யா, எத்தனை ஆழம்?

வீட்டு ஒயரிங் என்றால் ஸ்விட்ச்சுக்கு நாலு கடை ஏறி இறங்குவார்கள். ஒயருக்குக் கம்பெனி பெயர் கேட்பார்கள். ஸ்விட்ச் பிளேட்டைத் தாங்கச் சுவருக்குள் பதிக்கும் பாக்ஸ் மட்டும் "ஒரு இருபது மெட்டல் பாக்ஸ் போடுங்க" என்று ஒரே வரியில் முடிந்துபோகும். ஸ்விட்ச் கெட்டால் பத்து நிமிடத்தில் மாற்றலாம். ஒயர் கெட்டால் பைப்பிலிருந்து உருவிவிட்டுப் புதிதாக இழுக்கலாம். பாக்ஸ் கெட்டால் சுவரை உடைக்க வேண்டும். பூச்சு, பட்டி, பெயின்ட் மூன்றும் போகும், சமையலறை என்றால் டைல்ஸும் சேர்ந்து போகும். மொத்த எலக்ட்ரிக்கல் பட்டியலில் மிக மலிவான சாமான், மாற்றுவதற்கு மிகக் கஷ்டமான சாமான் இரண்டும் இதுதான்.

தமிழ்நாட்டுக் கடைகளில் வீட்டு வேலைக்குக் கிடைப்பவற்றில் நான்கு வகைகளை இங்கே எடை போட்டுப் பார்க்கலாம்: ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) மெட்டல் மாடுலர் பாக்ஸ், பி.வி.சி. மாடுலர் பாக்ஸ், ரூஃபில் போடும் ஃபேன் பாக்ஸ், ரூஃபில் லைட் பாயின்ட்டுக்கு வரும் டீப் ஜங்ஷன் பாக்ஸ். வெளிச்சுவர் பாக்ஸையும், வீட்டின் கரன்ட் லைன்கள் பிரியும் டிபி பெட்டியையும் போகிற போக்கில் தொட்டுக்கொள்ளலாம்.

ஸ்விட்ச் முடிவாகாமல் பாக்ஸ் வாங்காதீர்கள்

இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிரிட்டிஷ் அளவு நடக்கிறது. ஒற்றைப் பாக்ஸில் திருகுக்கும் திருகுக்கும் நடுவே 60.3 மி.மீ.; ஆழம் 16, 25, 35, 47 மி.மீ. என்று வரிசையாக இருக்கும். எந்தக் கம்பெனி பிளேட்டும் எந்தப் பாக்ஸிலும் உட்காரும். நம்மூர் மாடுலரில் அந்த நிம்மதி இல்லை. ஆங்கர், லெக்ராண்ட், ஜி.எம்., ஹேவல்ஸ் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி பிளேட் அளவு, தனித்தனி திருகு இடைவெளி. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறுவதும் உண்டு. 2, 3, 4 மாட்யூல் (ஒரு ஸ்விட்ச் பிடிக்கும் இடம் ஒரு மாட்யூல்) வரை வித்தியாசம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். பாக்ஸில் திருகு பிடிக்கும் காதை லேசாக வளைத்துச் சமாளித்துவிடுவார்கள். 6 மாட்யூலுக்கு மேலே போனால் சமாளிக்க முடியாது. அதிலும் 8 மாட்யூலில் நீளப் பாக்ஸ், சதுரப் பாக்ஸ் என்று இரண்டு வடிவங்கள் உண்டு. "எட்டு மாட்யூல்" என்று மட்டும் சொல்லி வாங்கினால் கடைக்காரர் கையில் எது கிடைக்கிறதோ அது வரும்.

ஆகவே பிளேட் மாடலை முதலில் முடிவு செய்து, அளவுக்கு ஒரு கிரிட் பிளேட் (ஸ்விட்ச்களைப் பிடிக்கும் உள் சட்டம்) வீதம் கடைக்குக் கையோடு கொண்டுபோய், பாக்ஸின் காதில் வைத்துப் பாருங்கள். இரண்டு திருகும் கையாலேயே மூன்று சுற்று இறங்கினால் வாங்கலாம். ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பினால்தான் இறங்குகிறது என்றால் அந்தப் பாக்ஸ் வேண்டாம். சிமென்ட் பட்ட பிறகு அது இன்னும் முரண்டு பிடிக்கும்.

மாட்யூல் கணக்கிலும் ஏமாறுவது எளிது. ஒரு மாட்யூல் ஏறக்குறைய 22 மி.மீ. அகலம். ஒரு படுக்கையறை போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேன் ஸ்விட்ச் 1, ரெகுலேட்டர் 2, டியூப் லைட் 1, எல்.இ.டி. 1, நைட் லேம்ப் 1, 6 ஆம்பியர் சாக்கெட் 2, அதற்கு ஸ்விட்ச் 1. கூட்டினால் 9. எட்டு மாட்யூல் பாக்ஸ் பதித்துவிட்டால் ஒரு மாட்யூல் உதைக்கும். ஒற்றை மாட்யூல் ரெகுலேட்டர் தேடி அலைய வேண்டும், அதுவும் கிடைத்தால் பாக்ஸில் ஒரு இடம்கூட மிச்சம் இருக்காது. 12 மாட்யூல் போட்டால் மூன்று இடம் டம்மியாக நிற்கும். அது வீண் இல்லை. நாளைக்கு யு.எஸ்.பி. சார்ஜரோ டூ-வே ஸ்விட்ச்சோ வந்தால் சுவரைத் தொடவே வேண்டாம். ஏ.சி., கீசர், ஃபிரிட்ஜ், மிக்ஸிக்கு 16 ஆம்பியர் சாக்கெட் 2, ஸ்விட்ச் 1, ஆக 3 மாட்யூல்; இதில் குழப்பம் இல்லை. காலிங் பெல்லுக்கு 1 மாட்யூல் போதும், ஆனால் பெரும்பாலான கம்பெனிகளில் 1-க்கும் 2-க்கும் ஒரே பாக்ஸ்தான்.

ஜி.ஐ. மெட்டல் பாக்ஸ்

பழக்கத்தால் இன்றும் முதலிடம் இதற்குத்தான். செங்கல் சுவரில் இறுக்கிப் பதித்தால் உருமாறாது. கொத்தனார் கரண்டி பட்டாலும் நசுங்காது. தீயில் எரியாது. ஆனால் "ஜி.ஐ." என்ற ஒரே பெயரில் கடையில் மூன்று தடிமனில் சரக்கு இருக்கிறது: 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ., 20 கேஜ் 0.9 மி.மீ., 22 கேஜ் 0.7 மி.மீ. கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தடிமன் அளக்கும் வெர்னியர் இல்லாதவர்களுக்குத் தராசு போதும். 100 × 75 × 50 மி.மீ. உள்ள 3 மாட்யூல் பாக்ஸில் தகட்டின் மொத்தப் பரப்பு 25,000 சதுர மி.மீ. இரும்பின் அடர்த்தியால் பெருக்கினால் 1.2 மி.மீ. தகட்டுக்குச் சுமார் 235 கிராம் வர வேண்டும், 0.7 மி.மீ. என்றால் 137 கிராம்தான். காதும் தட்டி எடுக்கும் ஓட்டையும் சேர்ந்து கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், ஆனால் 150 கிராம் நிற்கிற பாக்ஸை 18 கேஜ் என்று யாரும் விற்க முடியாது.

மெல்லிய தகட்டில் முதலில் தோற்பது காது. திருகு பிடிக்கும் அந்தச் சின்ன மடிப்பில் 0.7 மி.மீ. தகட்டில் மரை போட்டால் ஒன்றரைப் புரிகூட நிற்காது. இரண்டு தடவை பிளேட்டைக் கழற்றி மாட்டினால் மரை வழுக்கிவிடும். அதற்குப் பிறகு தீக்குச்சி சொருகுவது, திருகில் ஒயர் சுற்றுவது என்று பழைய வித்தைகள்தான். காதில் தனியாக நட் வெல்டிங் செய்திருந்தாலோ, தகட்டை உள்ளே இழுத்துப் புடைக்க வைத்து மரை போட்டிருந்தாலோ அதை எடுங்கள்.

அடுத்தது ஓட்டை. பைப் நுழைய வேண்டிய வட்டத் தகட்டைத் தட்டி எடுத்தால் விளிம்பு பிளேடு மாதிரி நிற்கும். ஒயரை இழுக்கும்போது இன்சுலேஷனைச் சீவுவது அதுதான். பைப்பை வெறுமனே ஓட்டையில் செருகிவிட்டுப் போவதுதான் எல்லா சைட்டிலும் நடக்கிறது. ஒரு அடாப்டரோ காலரோ போட்டு, பைப் முனை உள்ளே 3 மி.மீ. எட்டிப் பார்க்கும்படி நிறுத்தினால் ஒயர் தகட்டைத் தொடாது. பைப் ஒரு இஞ்ச் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் தப்பு, அந்த இடத்தில் ஸ்விட்ச் உட்காராது. தேவையான ஓட்டையை மட்டும் திறங்கள். மற்றதைத் திறந்துவிட்டால் அந்த வழியாகப் பூச்சும் எறும்பும் உள்ளே வரும்.

மெட்டல் பாக்ஸின் உண்மையான பிரச்சினை எர்த். பழைய இரும்பு பைப் வேலையில் பைப்பே எர்த்தைத் தொடர்ந்து கொண்டுபோகும். இப்போது பைப் பி.வி.சி.; ஒவ்வொரு இரும்புப் பாக்ஸும் சுவருக்குள் தனித்தீவாக நிற்கிறது. சீவிய ஒயர் ஒன்று தகட்டைத் தொட்டால் பாக்ஸ் முழுக்க கரன்ட். பிளேட் திருகில் கரன்ட். மழைக்காலத்தில் ஓதம் ஏறினால் சுவரிலும் கரன்ட். சாக்கெட்டுக்கு வரும் பச்சை ஒயரிலிருந்து ஒரு சிறு துண்டு எடுத்துப் பாக்ஸில் உள்ள எர்த் திருகில் முறுக்கினால் கரன்ட்டைத் தானாகத் துண்டிக்கும் எம்.சி.பி.யோ ஆர்.சி.சி.பி.யோ உடனே டிரிப் ஆகிவிடும். ஒரு பாக்ஸுக்கு இரண்டு நிமிட வேலை. வீடு முழுக்க இதைச் செய்கிற எலக்ட்ரீசியன் அபூர்வம். எர்த் திருகே இல்லாத மெட்டல் பாக்ஸும் விற்பனையில் இருக்கிறது. அதை விலை கேட்கவே வேண்டாம்.

பிறகு துரு. துத்தநாகப் பூச்சு காய்ந்த சுவரில் பல வருடம் தாங்கும். உப்புக்காற்றும் உப்புத்தண்ணீரும் சேர்ந்தால் தாங்காது. சென்னைக் கடற்கரைப் பக்கம், நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி ஊர்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கலவை குழைத்துப் பாக்ஸைப் பதித்தால், தகட்டை வெட்டிய விளிம்பிலிருந்து துரு கிளம்பும். இரும்பு துருவானால் கனம் பெருகும். பிளேட்டைச் சுற்றிப் பெயின்ட் உப்பி, மூலையிலிருந்து முடி மாதிரி விரிசல் ஓடினால் காரணம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் பாக்ஸ்தான். குளியலறைச் சுவரின் மறுபக்கத்துக்கும், ஜிப்சம் பூச்சுக்கும் இதே எச்சரிக்கை. ஓதம் பட்ட ஜிப்சம் இரும்பைச் சீக்கிரம் தின்னும்.

பி.வி.சி. மாடுலர் பாக்ஸ்

துரு இல்லை, எர்த் தேவையில்லை, விளிம்பு ஒயரைச் சீவாது, பைப்பைச் சொல்யூஷன் போட்டு ஒட்டலாம். இத்தனை இருந்தும் பல எலக்ட்ரீசியன்கள் வேண்டாம் என்கிறார்கள். காரணம் இரண்டு: காது உடையும், உடல் வளையும்.

காதில் பித்தளை நட் பதித்திருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் திருகு அரித்துக்கொண்டு போகும் பாக்ஸ் முதல் தடவை நன்றாகப் பிடிக்கும். மூன்றாவது தடவை வழுக்கும். சில பாக்ஸில் காது தனி உலோகத் துண்டாக ஒரு பள்ளத்தில் நகரும். பாக்ஸ் லேசாகச் சாய்ந்து பதிந்திருந்தாலும் பிளேட்டை நேராக்கிக்கொள்ள அது உதவும். ஆனால் அந்தத் துண்டு சாதா இரும்பாக இருந்தால் பி.வி.சி. வாங்கியதன் பயனே போச்சு. காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உடல் வளைவது நீளப் பாக்ஸின் நோய். 8, 12 மாட்யூல் பி.வி.சி. பாக்ஸைச் சுற்றிக் கலவையை அடித்து இறுக்கும்போது நீளப் பக்கத்தின் நடுப்பகுதி 2, 3 மி.மீ. உள்ளே தள்ளும். காய்ந்த பிறகு கிரிட் பிளேட் உள்ளே போகாது. பிறகு அரம் வைத்துத் தேய்ப்பார்கள். பதிக்கும் முன் பாக்ஸின் நடுவே அதே அகலத்துக்கு ஒரு மரத்துண்டை முட்டுக்கொடுத்து நிறுத்தினால் இந்தக் கூத்து இல்லை. சில கம்பெனிகள் பாக்ஸோடு மேல் மூடியும் தருகின்றன. மூடி இறுக்கமாக உட்கார்ந்தால் அதுவே முட்டு, சிமென்ட்டும் உள்ளே போகாது. இரண்டு பாக்ஸில் ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் மூடி உள்ளதை எடுங்கள்.

சரக்கின் தரத்துக்குக் கடையிலேயே ஒரு சோதனை. பாக்ஸின் நீளப் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். வளைந்து திரும்பி வந்தால் நல்லது. "படக்" என்று வெள்ளைக்கோடு விழுந்தால் பழைய பிளாஸ்டிக்கும் சுண்ணாம்புத் தூளும் அதிகம் கலந்த சரக்கு. அது டிரான்ஸ்போர்ட்டிலேயே மூலை உடைந்து வரும். இன்னொன்று, ஓரத்தில் ஒரு சிம்பு வெட்டித் திறந்த இடத்தில் லைட்டரைக் காட்டி எடுத்தால் பி.வி.சி. தானாக அணைய வேண்டும். சொட்டிச் சொட்டி எரிந்துகொண்டே போனால் அது பி.வி.சி.யே இல்லை. முதுகில் ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய) எண் அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஐ.எஸ். 14772 வீட்டு எலக்ட்ரிக்கல் பெட்டிகளுக்கான பொதுத்தரம். ஐ.எஸ். 5133-ல் முதல் பாகம் இரும்புப் பெட்டிக்கு, இரண்டாம் பாகம் கரன்ட் கடத்தாத பொருளில் செய்த பெட்டிக்கு.

தீர்ப்பு கேட்டால், கடலோர ஊர், குளியலறைச் சுவர், சமையலறை, தரைத்தளத்தின் வெளிச்சுவர் இவற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நல்ல பி.வி.சி. உள்மாவட்டத்தில் காய்ந்த உள்சுவருக்கு 18 கேஜ் ஜி.ஐ., ஒவ்வொரு பாக்ஸுக்கும் எர்த் கட்டுவார்கள் என்ற நிபந்தனையோடு. எர்த் கட்டமாட்டார்கள் என்று தெரிந்தால் அங்கேயும் பி.வி.சி.தான். 22 கேஜ் ஜி.ஐ. எந்தச் சுவருக்கும் வேண்டாம். இரண்டு வகையின் கெடுதலும் அதில் சேர்ந்திருக்கிறது.

ஆழம்

நீள அகலத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், ஆழத்தை யாரும் கேட்பதில்லை. 40 மி.மீ. ஆழத்திலும் சரக்கு வருகிறது, 50 மி.மீ. ஆழத்திலும் வருகிறது. வித்தியாசம் ஒரு செ.மீ.தான், ஆனால் அந்த ஒரு செ.மீ.யில்தான் ஒயர் வாழ்கிறது. 16 ஆம்பியர் சாக்கெட்டின் பின்பக்கம் பல மாடல்களில் 30 மி.மீ. வரை போகும். 40 பாக்ஸில் அதன் முதுகுக்கும் பாக்ஸின் தரைக்கும் நடுவே 10 மி.மீ. மிச்சம். ஏ.சி. லைனுக்கு இழுத்த 4 சதுர மி.மீ. ஒயரின் வெளி விட்டம் சுமார் 4.5 மி.மீ.; அது முறியாமல் வளைய விட்டத்தைப் போல நாலு மடங்கு, அதாவது 18 மி.மீ. வேண்டும். பத்துக்குள் அமுக்கினால் ஒயர் ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளும். திருகு இறுக்கமாகத்தான் இருக்கும், ஒயர் முனை மட்டும் டெர்மினலுக்குள் லேசாகத் திரும்பிக்கொள்ளும். கோடையில் ஏ.சி. மணிக்கணக்கில் ஓடும்போது அந்த இடம் சூடாகி, ஒரு நாள் பிளேட் பழுப்பாகி வாடை வரும். பழி சாக்கெட் கம்பெனிக்குப் போகும்.

16 ஆம்பியர் சாக்கெட், யு.எஸ்.பி. சார்ஜர், எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வருகிற எந்தப் பாக்ஸும் 50 மி.மீ.க்குக் குறையக்கூடாது. ஸ்விட்ச்சுக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் போனில் இயக்கும் ஸ்மார்ட் ரிலே போடும் எண்ணம் இருந்தால் அது மட்டும் 15 முதல் 20 மி.மீ. தடிமன், கூடவே ஒரு நியூட்ரல் ஒயரும் வேண்டும். அந்தப் போர்டுக்கு ஒரு அளவு பெரிய பாக்ஸ் போட்டு, ரிலேயை டம்மி மாட்யூலுக்குப் பின்னால் வைப்பதுதான் வழி. ஸ்விட்ச்சின் முதுகில் திணிக்காதீர்கள்.

அமெரிக்காவில் பாக்ஸுக்குள் இத்தனை ஒயருக்கு இத்தனை கன அளவு என்று சட்டமே இருக்கிறது. 14 கேஜ் ஒயர் ஒன்றுக்கு 2 கன இஞ்ச், 12 கேஜுக்கு 2.25, ஒரு ஸ்விட்ச்சோ சாக்கெட்டோ இருந்தால் இரண்டு ஒயர் கணக்கு. அவர்களின் 14 கேஜ் நம்முடைய 2 சதுர மி.மீ.க்குப் பக்கம். 2 கன இஞ்ச் என்பது சுமார் 33 கன செ.மீ. நம் 75 × 75 × 50 பாக்ஸின் கொள்ளளவு 281 கன செ.மீ.; அந்தக் கணக்கில் எட்டு ஒயருக்கு இடம். சாக்கெட்டுக்கு இரண்டைக் கழித்தால் ஆறு. இரண்டு மாட்யூல் பாக்ஸை ஜங்ஷனாகவும் பயன்படுத்தி, அடுத்த ரூமுக்குப் போகும் லைனையும் அதிலேயே ஜாயின்ட் அடிக்கும் வழக்கம் எவ்வளவு நெருக்கடியானது என்று இதிலிருந்து தெரியும். ஒயர் வாலை ஆறு இஞ்ச் விடுங்கள். ஒரு அடி விட்டுச் சுருட்டி உள்ளே அமுக்கினால் 50 மி.மீ.யும் பத்தாது.

ஆழம் கூடினால் சுவருக்கு வலிக்கும் என்பதும் உண்மை. நாலரை இஞ்ச் செங்கல் சுவர் 114 மி.மீ. ஐ.எஸ். 1905-ன்படி பைப்புக்காகச் சுவரில் வெட்டும் செங்குத்துக் காடியின் ஆழம் சுவரின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது, படுக்கைக் காடி ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. அதாவது இந்தச் சுவரில் நிமிர்ந்த காடி 38 மி.மீ., படுத்த காடி வெறும் 19 மி.மீ. 3/4 இஞ்ச் பைப்பே படுக்கவாட்டில் அதில் அடங்காது. பைப்பை மேலிருந்து நேராக இறக்குங்கள், குறுக்கே கொண்டுபோகாதீர்கள். சுவரின் இரண்டு பக்கமும் பாக்ஸ் முதுகோடு முதுகு வந்தால், பூச்சுக்குள் நிற்கும் பகுதி போக ஒவ்வொன்றும் செங்கலுக்குள் 38 மி.மீ. வரை போகும். நடுவே செங்கல் 38 மி.மீ.தான் மிஞ்சும், பாதி சைட்டில் அதுவும் உடைந்து ஓட்டையாகும். இரண்டு பாக்ஸையும் குறைந்தது ஒரு முக்கால் அடி தள்ளி வையுங்கள்.

பதிக்கும் வேலை

நல்ல பாக்ஸ் வாங்கித் தப்பாகப் பதித்தால் மலிவுப் பாக்ஸுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. பூச்சுக்கு முன்பே பாக்ஸ் சுவரில் உட்கார வேண்டும். உட்காரும்போது செங்கல் முகத்திலிருந்து பூச்சின் தடிமன் அளவுக்கு, 12 முதல் 15 மி.மீ., வெளியே நிற்க வேண்டும். கண்மதிப்பு போதாது. கொத்தனார் பூச்சுப் புள்ளி வைத்த பிறகு, புள்ளிக்குப் புள்ளி நூல் பிடித்து அந்த நூலுக்கு 2 மி.மீ. உள்ளே பாக்ஸ் விளிம்பை நிறுத்துங்கள்.  டைல்ஸ் வரும் சுவரில் டைலும் அதன் கலவையும் சேர்ந்து 20 மி.மீ. அளவுக்கு இன்னும் கூடும். அங்கே டைல்ஸ் வேலைக்காரரைக் கேட்காமல் பாக்ஸ் வைக்கக்கூடாது.

பாக்ஸ் ஆழத்தில் போய்விட்டால் பிளேட்டோடு வந்த திருகு எட்டாது. இரண்டு இஞ்ச் திருகு வாங்கி முறுக்குவார்கள். கிரிட்டுக்குப் பின்னால் தாங்க ஒன்றும் இல்லாததால் அது வில் மாதிரி வளையும், ஸ்விட்ச் ஒரு பக்கம் போட்டால் திரும்பி வராது. பிளக்கைப் பிடுங்கும்போது பிளேட் முழுக்கக் கையோடு வரும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பிளேட்டுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி. பட்டி வைத்து மூடுவார்கள், அது உதிரும்.

ரசமட்டம் வைக்காமல் பதித்த போர்டை வீட்டுக்காரர் தினமும் பார்த்துக்கொண்டிருப்பார். 2 மாட்யூலில் தெரியாத சாய்வு 12 மாட்யூலில் பளிச்சென்று தெரியும். ஒரே சுவரில் இரண்டு பாக்ஸ் வந்தால் தரை மட்டக்கோட்டிலிருந்து அளந்து வையுங்கள். பூசாத தரையிலிருந்து அளந்தால் கதை கெட்டது. ஸ்விட்ச் போர்டு முடிந்த தரையிலிருந்து நாலு அடி, கீழ் சாக்கெட் ஒரு அடி, சமையல் மேடைக்கு மேலே முக்கால் அடி என்பது நடைமுறை.

பதித்த கையோடு உள்ளே சிமென்ட் சாக்குத் தாளைச் சுருட்டித் திணித்து, மேலே பிரவுன் டேப் ஒட்டுங்கள். காது ஓட்டையில் பழைய திருகை ஏற்றி வைத்தால் மரையில் கலவை ஏறாது. பைப் வாயையும் மூடுங்கள். பூச்சு முடிந்து ஒயர் இழுக்க இரண்டு மாதம் ஆகும் வீடுகளில் குளவி அதற்குள் மண்கூடு கட்டிவிடும். ஒயர் இழுக்கும் ஸ்பிரிங் உள்ளே போகாமல் நிற்கும்போது "பைப் நசுங்கிடுச்சு" என்று சுவரை உடைத்தவர்கள் உண்டு. காடியை மூடும்போது கோழி வலை அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பைப் போன வழியெல்லாம் கோடாக வெடிக்கும்.

ஃபேன் பாக்ஸும் டீப் பாக்ஸும்

சுவரிலாவது உடைத்துத் திருத்தலாம். ரூஃப் கான்கிரீட் போட்ட பிறகு திருத்தம் என்பதே இல்லை. ஃபேன் பாக்ஸில் பார்க்க வேண்டியது ஃபேனைத் தாங்கும் ராடு. 12 மி.மீ. கம்பி பாக்ஸின் இரண்டு பக்கமும் அரை அடியாவது நீண்டிருக்க வேண்டும். ரெடிமேடாக வரும் சிலவற்றில் 8 மி.மீ. கம்பியைக் கட்டைவிரல் நீளத்துக்கு வெட்டிச் செருகியிருப்பார்கள். ஃபேனின் எடை ஐந்தாறு கிலோதான், ஆனால் வருடக்கணக்கில் சுற்றி ஆடும் எடை அது. ராடு சென்ட்ரிங் கம்பிக்கு மேலே படுத்து, கட்டுக்கம்பியால் இரண்டு முனையும் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

இங்கேயும் ஆழம்தான் பேசுகிறது. ஸ்லாப் 125 மி.மீ. என்று வையுங்கள். அடியில் கம்பியை மூடும் கான்கிரீட் (கவர்) 20 மி.மீ., அதற்கு மேலே குறுக்கும் நெடுக்கும் கம்பி 18 மி.மீ. ஆக ராடு குறைந்தது 40 மி.மீ. உயரத்தில் போக வேண்டும். 65 முதல் 75 மி.மீ. ஆழப் பாக்ஸில் ராடு ஓட்டை அந்த உயரத்தில் வரும். 40 மி.மீ. பாக்ஸில் ஓட்டை கம்பி மட்டத்திலேயே முட்டும். அப்போது எலக்ட்ரீசியன் கம்பியை வளைப்பார், அல்லது இன்ஜினியர் திரும்பிய நேரத்தில் வெட்டிவிடுவார். ரூஃப் கம்பியை வெட்ட வைக்கும் பாக்ஸ் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

லைட் பாயின்ட்டுகளுக்கு வரும் டீப் ஜங்ஷன் பாக்ஸுக்கும் இதே ஆழக்கணக்கு. ஒரு வழி, இரண்டு வழி, மூன்று வழி, நாலு வழி என்று பைப் மூக்கோடு வரும். மூக்கின் உள் அளவு பைப்புக்கு இறுக்கமாக இருக்கிறதா என்று பைப் துண்டு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். லொடலொட என்றால் அந்த இடைவெளியில் சிமென்ட் பால் உள்ளே இறங்கி, பைப்புக்குள் கல்லாக உறையும். ஒவ்வொரு மூக்கும் சொல்யூஷன் போட்டு ஒட்டியே ஆக வேண்டும். ரூஃபில் 25 மி.மீ. பைப்பும் அதற்கேற்ற மூக்கும்தான், 20 மி.மீ. பைப்பில் 1.5 சதுர மி.மீ. ஒயர் ஐந்துக்கு மேல் இழுப்பது சண்டை. பாக்ஸ் வாயில் தெர்மோகோல் வெட்டி அடைத்து டேப் சுற்றி, சென்ட்ரிங் பலகையில் நாலு ஆணி அடித்து நிறுத்துங்கள். வைப்ரேட்டர் பட்டால் ஆணி இல்லாத பாக்ஸ் மிதந்து கான்கிரீட்டுக்குள் மறைந்துபோகும், பிறகு சுத்தியலால் தட்டித் தேடுவதுதான்.

வெளிச்சுவருக்கு, தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஐ.பி. எண் 55 அல்லது 65 போட்ட பாலிகார்பனேட் பாக்ஸ். பின்னால் வரும் எண் தண்ணீருக்கு. 5 என்றால் பீச்சியடிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஆனால் கேபிளை மேலிருந்து ஓட்டை போட்டு இறக்கினால் எந்த எண்ணும் காப்பாற்றாது. கீழிருந்து, கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் போட்டு, உள்ளே நுழையும் முன் கேபிள் ஒரு வளைவு தொங்கும்படி. டிபி பெட்டிக்கு ஒன்றே ஒன்று: 8 வே, 12 வே என்று எழுதியிருப்பதில் உள்ளே வரும் ஐசோலேட்டரும் (மெயின் ஸ்விட்ச்) ஆர்.சி.சி.பி.யும் சேர்த்தியா, தனியா என்று கேளுங்கள். அவை இரண்டும் ஆளுக்கு இரண்டு இடம் பிடிக்கும்.

இரண்டு படுக்கையறை வீட்டுக்கு ஏறக்குறையக் கணக்கு இப்படி வரும். 12 மாட்யூல் மூன்று (ஹால் 1, படுக்கையறைக்கு ஒன்று வீதம் 2), டி.வி.க்கு 8 மாட்யூல் ஒன்று, 6 மாட்யூல் மூன்று, கட்டில் பக்கமும் குளியலறை வாசலுமாக 4 மாட்யூல் நாலு, ஏ.சி., கீசர், ஃபிரிட்ஜ், மிக்ஸி, வாஷிங் மெஷினுக்கு 3 மாட்யூல் ஒன்பது, 2 மாட்யூல் இரண்டு. ரூஃபுக்கு ஃபேன் பாக்ஸ் ஐந்து, டீப் பாக்ஸ் பதினைந்து. 3 மாட்யூலில் இரண்டும் டீப் பாக்ஸில் மூன்றும் கூடுதலாக வாங்கி வையுங்கள். கான்கிரீட் அன்று காலை ஏழு மணிக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது.